தேதி சொல்லுங்கள்: தேர்வாணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் இலவசமாக வகுப்பு எடுக்கிறவன் நான். கேள்வித்தாள் கடினம், விடைக்குறிப்பில் தவறு என்று புகார் சொல்ல இதை எழுதவில்லை. அதற்கெல்லாம் உங்களிடமே வழி இருக்கிறது. உத்தேச விடைகள் வந்ததும் ஆட்சேபணை தெரிவிக்கலாம், வல்லுநர் குழு பார்க்கும், இறுதி விடை வரும். நான் சொல்ல வந்த விஷயத்துக்குத்தான் உங்களிடம் படிவம் எதுவும் இல்லை. உங்கள் தேர்வுகளுக்காகப் படித்துக்கொண்டிருப்பவர்களில் சிலர், செத்துப்போனால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதை யாரும் அப்படியே வாய்விட்டுச் சொல்வதில்லை. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது பாதிச் சிரிப்போடு வந்து விழும். "நான் ஒருத்தி இல்லைன்னா வீட்டுக்கு ஒரு செலவு மிச்சம் சார்" என்பாள் ஒருத்தி. "இந்தத் தடவை வரலைன்னா அவ்வளவுதான் சார், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்பான் ஒருவன். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். ஏனென்றால் அவர்களும் அதையே நினைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நம்பி அப்படியே விட்டுவிடக்கூடாது என்பதை வகுப்பு எடுத்து எடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2025 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 13.89 லட்சம் பேர். ஜூலை 12 அன்று வந்து எழுதியவர்கள் 11.48 லட்சம் பேர். அறிவிக்கையில் இருந்த இடங்கள் 3,935. முடிவு வந்தபோது அது 4,662 ஆகியிருந்தது. அப்படிப் பார்த்தாலும் எழுதியவர்களில் ஏறக்குறைய 246 பேருக்கு ஒரு இடம். மீதி 245 பேரும் சோம்பேறிகள் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடப்புத்தகங்களை வரி வரியாகப் படித்து, பெட்டிச் செய்தியைக்கூட விடாமல் நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் அதில் ஏராளம். நூற்றெழுபது கேள்வி சரியாகப் போட்டுவிட்டு வெளியே நிற்கிறவனிடம் "இன்னும் கொஞ்சம் முயற்சி செஞ்சிருக்கலாம்" என்று சொல்லும் மனிதர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மாநிலங்களில் இரண்டாவது இடம் நமக்கு. நாட்டு எண்ணிக்கையில் ஏறத்தாழ 9 சதவீதம் பேர் 'வேலையில்லாதோர்' என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று ஒரு தலைப்பு அந்த அட்டவணையில் கிடையாது. என் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்துகொண்டு படிக்கிறவன் மாணவன். ஜவுளிக்கடையில் பகுதி நேரம் நிற்கிறவள் தனியார் ஊழியர். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு படிக்கிறவள் இல்லத்தரசி. காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவன் சுயதொழில். இவர்களில் ஒருவருக்கு ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டத்துக்குள் போய்விடுவார்கள். இத்தனை பேரையும் சேர்த்து ஒரே பட்டியலில் வைத்திருப்பது இந்த மாநிலத்தில் நீங்கள் மட்டும்தான். ஒருமுறைப் பதிவில் அவர்கள் பெயர், ஊர், கைப்பேசி எண், மின்னஞ்சல் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

தேர்வில் தோற்பதுதான் இவர்களை உடைக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை தோல்வியைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வாரம் வகுப்புக்கு வரமாட்டார்கள், பிறகு வந்து உட்கார்ந்து "அடுத்து எது சார்?" என்பார்கள். தாங்க முடியாதது காத்திருப்பு. அதிலும் எவ்வளவு நாள் என்று தெரியாத காத்திருப்பு.

2022 குரூப் 2, 2ஏ தேர்வை நினைத்துப் பாருங்கள். அறிவிக்கை 2022 பிப்ரவரி 23. முதல்நிலைத் தேர்வு மே 21. அதன் முடிவு நவம்பர் 8. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25, அதுவும் பல மையங்களில் விடைத்தாள் பதிவெண் குளறுபடியால் தாமதமாகத் தொடங்கியது. அதன் முடிவு 2024 ஜனவரியில். அறிவிக்கையிலிருந்து அதுவரை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள். அதே 2022-இல் ஜூலை 24 அன்று சுமார் 18 லட்சம் பேர் எழுதிய குரூப் 4 தேர்வுக்கு முடிவு வந்தது 2023 மார்ச் 24. சரியாக எட்டு மாதம். அந்த மாதம் வரும், இந்த மாதம் வரும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் பிள்ளைகள் ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டு ரிசல்ட் கேட்கும் நிலை வந்தது. ஸ்கேன் செய்யும் வேலை பெருகிவிட்டது என்று விளக்கம் தந்தீர்கள். இருக்கலாம். ஒவ்வொரு விடைத்தாளும் இரண்டு பாகம், அத்தனையும் இயந்திரத்தில் போய் வர வேண்டும். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கம் ஐந்து மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், தேர்வு நன்றாக எழுதியிருந்தான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. "ரெண்டு மாசத்துல ரிசல்ட் வந்துடும், எதுக்குப் போயிட்டு" என்று அப்பா சொன்னார், அவனும் போகவில்லை. ரெண்டு மாசம் நாலானது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டார்கள். "குரூப் ஃபோர் எழுதியிருக்கான், ரிசல்ட்டுக்கு வெயிட்டிங்" என்று சொன்னார்கள். முதல் தடவை அதைச் சொல்லும்போது அம்மாவுக்குப் பெருமை. மூன்றாவது வரன் வந்தபோது அதையே முணுமுணுத்தார். ஆறாவது மாதத்தில் அவன் வீட்டுக்கு யார் வந்தாலும் பின்பக்கமாகப் போய் வேப்பமரத்தடியில் உட்கார ஆரம்பித்தான். அடுத்த தேர்வுக்குப் படி என்றால் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்திருப்பான், பக்கம் நகராது. படிப்பதா, வேலைக்குப் போவதா, காத்திருப்பதா என்று மூன்றில் எதையும் முழுசாகச் செய்ய முடியாத ஒருவனிடம் "மனசத் தளர விடாதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவனுக்கு அப்போது வேண்டியிருந்தது ஆறுதல் இல்லை, ஒரு தேதி. மார்ச் 24 என்று ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தால் கோயம்புத்தூர் போய் ஏழு மாதச் சம்பளம் வாங்கியிருப்பான். (அவனுக்கு அந்தத் தேர்வில் வரவில்லை. இப்போது வேறு வேலையில் நன்றாக இருக்கிறான்.)

இதைச் சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 குரூப் 4 முடிவை அக்டோபர் 22 அன்று வெளியிட்டீர்கள். எழுதி மூன்று மாதம் பத்து நாள். 2024 தேர்வுக்கு ஜூன் 9-க்கும் அக்டோபர் 28-க்கும் இடையில் ஐந்து மாதத்துக்கும் குறைவு. எட்டு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறீர்கள். இதற்காக உங்கள் அலுவலகத்தில் யாரெல்லாம் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்களோ, அவர்களுக்குத் தெரியாமலே சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். தேர்வு நடத்துகிற அலுவலகம் ஒரு தேதியை மாற்றினால் சாவு குறையுமா? இதே தமிழ்நாட்டில் அப்படி நடந்திருக்கிறது. முன்பு பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விடும். சேர்ந்து படித்தவர்கள் கல்லூரிக்குப் போவார்கள், இவன் டுடோரியலில் உட்கார்ந்திருப்பான். ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் என்ன செய்தி வரும் என்பது என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2000-களின் தொடக்கத்தில், ஃபெயிலானவர்கள் உடனே எழுதி அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேரும்படி துணைத் தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் தொடர்ந்து வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று. அதன் பிறகு இந்த மாநிலத்தில் தேர்வுத் தோல்வியால் நிகழும் தற்கொலைகள் குறைந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். யாரும் பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டும் சொற்பொழிவு நடத்தவில்லை. பாடத்தை எளிதாக்கவும் இல்லை. கால அட்டவணையைத்தான் மாற்றினார்கள்.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், தற்கொலை எண்ணம் முற்றுவதற்கு இரண்டு உணர்வுகள் ஒன்றுசேர்வதைக் காரணமாகச் சொல்கிறார். நான் எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன் என்பது ஒன்று. நான் யாரோடும் சேர்ந்தவன் இல்லை என்பது இன்னொன்று. அதைப் படித்தபோது அமெரிக்காவில் இருந்துகொண்டு எங்கள் ஊர் ரீடிங் ரூமை எப்படிப் பார்த்தார் இந்த மனிதர் என்று இருந்தது.

பாரம் என்பது இங்கே வெறும் உணர்வு இல்லை, கணக்கு நோட்டில் இருக்கிறது. எங்கள் பக்கம் பாதி அம்மாக்கள் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர்கள். டெஸ்ட் பேட்ச் பணம், புத்தகம், மதுரைக்குப் போய் வர பஸ் காசு எல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் போனதால்தான் தங்கை படிக்கிறாள். யாரும் அதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. ராத்திரி அம்மா கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து சோறு போடும்போது அந்தப் பெண்ணுக்கே தெரியும். பெண்களுக்கு இன்னொரு கடிகாரமும் சேர்ந்து ஓடுகிறது. "இந்த ஒரு எக்ஸாம், அப்புறம் கல்யாணம்" என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் பலர் வகுப்புக்கே வருகிறார்கள். ரிசல்ட் தள்ளிப்போனால் ஒப்பந்தம் தள்ளிப்போகாது.

சேர்ந்தவன் இல்லை என்ற உணர்வு மெதுவாக வரும். முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவது நிற்கும். அங்கே பெரியப்பா "என்னப்பா, இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கியா?" என்பார். அடுத்து பொங்கலுக்கு, குலதெய்வக் கோயிலுக்கு. பிறகு கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுவது. கடைசியில் மிச்சமிருப்பது அவனும், யூடியூபில் "எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்" வீடியோவும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். தூக்கம் போய்விட்டது என்றால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன். மற்ற எந்த அறிகுறியையும்விட அதுதான் முதலில் தெரிகிறது.

சரி, இவ்வளவுக்கும் நடுவில் பெரும்பாலானவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? அதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் உங்களால் செய்ய முடிந்தது இருக்கிறது.

ஒன்று, ரீடிங் ரூம். மாவட்ட மைய நூலகங்கள், நகராட்சிகளின் அறிவுசார் மையங்கள், வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூலகம். இவற்றைக் கட்டியவர்கள் படிக்க இடம் கொடுப்பதாக நினைத்திருப்பார்கள். என் கண்ணுக்கு இவை உயிர் காக்கும் இடங்கள். காலையில் நூலகம் திறக்கும்போது பைகள் வரிசையில் வைக்கப்பட்டிருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே ஒருவருக்கு எழுதாத உரிமை உண்டு, அதற்காகச் சண்டையும் உண்டு. மதியம் நாலைந்து டிபன் பாக்ஸ்கள் ஒன்றாகத் திறக்கும். ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டு மேசை தள்ளி இருப்பவளிடம் கேட்டு, அவள் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பக்கம் சொல்லி, மூன்றாவது ஆள் வந்து அது தப்பு என்பான். இதெல்லாம் படிப்பு மட்டும் இல்லை. ஒருவன் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் "நேத்து ஏன் வரலை?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது. வீட்டில் அவன் ஒரு செலவு. இங்கே, அரசியலமைப்புச் சட்டத்தின் பகுதிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தெரிந்த முக்கியமான ஆள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பரீட்சை முடிந்த வாரங்களிலும் இந்த அறைகள் திறந்திருக்க வேண்டும் என்று நூலகத் துறையிடம் உங்களைப் போன்ற ஒரு அமைப்பு கேட்டால் அதன் எடை வேறு.

இன்னொன்று, கையில் கொஞ்சமாவது சொந்தச் சம்பாத்தியம். டியூஷன் எடுக்கிறவர்கள், கடையில் பாதி நாள் நிற்கிறவர்கள், ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவர்கள், இவர்கள் மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு பின்தங்கினாலும் மனசில் நிற்கிறார்கள். தேர்வு போனாலும் தான் முழுசாகப் போய்விடவில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. "வேலைக்குப் போயிட்டா படிக்க முடியாது" என்று முழுநேரப் படிப்பில் பிள்ளைகளை உட்கார வைக்கும் பயிற்சி மையங்களோடு எனக்குப் பல வருடமாகத் தகராறு. அந்த மையங்களின் ஃபிளெக்ஸில் ஜெயித்தவர்களின் போட்டோ மட்டும்தான் இருக்கும். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று அவர்களைக் கேட்டால் பதில் வராது. அது தனி மடலுக்கான விஷயம், இங்கே விடுகிறேன்.

மூன்றாவதாக, வீட்டில் ஒரே ஒரு ஆள் பக்கத்தில் நிற்பது. தேர்வு நாளன்று மையத்தின் வாசலில் நின்று பாருங்கள். ஒன்பது மணிக்குக் கேட் மூடிய பிறகு, வெளியே புளியமரத்தடியில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கணவர் நடந்துகொண்டிருப்பார். பால் பாட்டில் சட்டைப்பையில் இருக்கும். பன்னிரண்டரைக்கு மனைவி வெளியே வரும்போது "எப்படிப் போட்ட?" என்று கேட்காமல் குழந்தையை நீட்டுவார். அந்தப் பெண் எந்த ரிசல்ட் வந்தாலும் சமாளித்துவிடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும். உங்கள் தேர்வுக்குப் பாடத்திட்டம் வகுக்கிறீர்கள், கணவர்களுக்கு வகுக்க முடியாது. சரிதான்.

அப்படியானால் உங்களால் முடிந்தது எது?

தேதிதான் முதலில். தேர்வு தேதிக்கு ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறீர்கள், அதை ஓரளவு காப்பாற்றவும் செய்கிறீர்கள். அதே மரியாதையை முடிவு தேதிக்கும் கொடுங்கள். மாதம் போதாது, தேதி வேண்டும். தள்ளிப்போகும் என்று தெரிந்தால், அந்தத் தேதி கடந்த பிறகு சொல்லாமல் முன்னாலேயே காரணத்தையும் புதுத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் சொல்லாத இடத்தை யூடியூப் சேனல்கள் நிரப்புகின்றன. "இன்று இரவு ரிசல்ட்?" என்று கேள்விக்குறி போட்டுத் தலைப்பு வைத்தால் போதும், லட்சம் பேர் தூங்கமாட்டார்கள். முடிவை வேலை நாளின் காலையில் வெளியிடுங்கள். மோசமான செய்தியைப் படித்த பிறகு பேச ஆள் கிடைக்கும் நேரமாக அது இருக்கட்டும்.

அடுத்து, அந்த முடிவுப் பக்கம். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் மதிப்பெண்ணும் தரவரிசையும் வருகின்றன. வெளிப்படையாகத் தருவது நல்லதுதான், முன்பெல்லாம் அதுவும் கிடையாது. ஆனால் வீட்டில் எல்லோரும் செல்போனைச் சுற்றி நிற்கும்போது, திரையில் மொத்தத் தரவரிசை 4,38,217 என்று வந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அதன் கீழே இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது. அடுத்து நீங்கள் எழுதக்கூடிய தேர்வுகள் இவை, இந்தத் தேதிகளில். உங்கள் மாவட்டத்தின் பயிலும் வட்டம் இங்கே. மனசு சரியில்லையென்றால் பேச இந்த எண். உங்கள் கட்டணமில்லா எண் 1800 419 0958-ஐ ஒவ்வொரு அறிவிக்கையிலும் போடுகிறீர்கள். விண்ணப்பத்தில் சிக்கல் வந்தால் அழைக்கலாம். அதற்குக் கீழே மனநல உதவி எண் 14416 என்று ஐந்து இலக்கம் சேர்க்க என்ன செலவு? அறிவிக்கை, நுழைவுச்சீட்டு, முடிவுப் பக்கம் மூன்றிலும் அது இருக்கட்டும். முடிவு வரும் நாளில் எல்லோருக்கும் குறுஞ்செய்தியாகவும் போகட்டும். அதில் "மனம் தளராதீர்கள்" என்ற வாழ்த்துமடல் வாசகம் வேண்டாம். எண்ணும், இருபத்துநாலு மணி நேரமும் இலவசம் என்ற தகவலும் போதும்.

மூன்றாவது கோரிக்கை வெளியில் தெரியாத ஒரு பயத்தைப் பற்றியது. மனநல மருத்துவரிடம் போனால் அரசு வேலை கிடைக்காது என்று தேர்வர்கள் நம்புகிறார்கள். சீட்டு எழுதிவிடுவார்கள், அது மெடிக்கல் ஃபிட்னஸில் தெரியும், போலீஸ் விசாரணையில் வரும் என்று ரீடிங் ரூமில் தீவிரமாகப் பேசிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி நான் ஒரு பெண்ணிடம் கெஞ்சியபோது அவள் சொன்ன ஒரே காரணம் இதுதான்: "நாளைக்கு செலக்ட் ஆனா அது பிரச்சினை ஆகுமே சார்." உயிரைவிட வேலை பெரிதாகிவிட்ட இடம் அது. சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்று அதன் 115-ஆவது பிரிவு சொல்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு உரிய பிரிவுகளில் மனநோயையும் சேர்த்திருக்கிறது. அதை உங்கள் அறிவிக்கைகளிலேயே அச்சிடுகிறீர்கள். இப்படி இடஒதுக்கீடே தரும் ஒரு நிறுவனம், "மன அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ ஆலோசனை, சிகிச்சை பெற்றது தேர்வுக்கோ நியமனத்துக்கோ தடை ஆகாது" என்று ஒரு வரியை அறிவிக்கையில் தெளிவாகப் போட்டால் எத்தனை பேர் தைரியமாக ஓ.பி. சீட்டு வாங்குவார்கள் தெரியுமா? விதியில் ஏதாவது ஒரு பதவிக்கு விலக்கு இருக்குமானால் அதையும் சொல்லிவிடுங்கள். தெரியாத விதிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

இன்னொரு யோசனை, கொஞ்சம் பெரியது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம், கடைசிக் கட்டம் வரை வந்து பட்டியலில் இடம் கிடைக்காதவர்களின் விவரங்களை, அவர்கள் சம்மதத்தோடு, வேலை தருவோருக்குக் காட்டும் ஏற்பாட்டை 2018 முதல் வைத்திருக்கிறது. 2025-இல் அதை 'பிரதிபா சேது' என்ற இணையதளமாக விரித்திருக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்து ஒரு கேள்வியில் இடம் போனவர்கள் ஒவ்வொரு தேர்விலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கணக்கு தெரிந்தவர்கள், தமிழ் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள், சட்டம் படித்தவர்கள். கூட்டுறவு நிறுவனங்களும் தனியார் வங்கிகளும் இவர்களைத் தேடி அலையக்கூடிய ஆட்கள்தான். அவ்வளவு படித்தும் "ஒன்றும் ஆகவில்லை" என்ற நிலையிலிருந்து, "இதுவரை வந்தவர்" என்று ஒரு தாளாவது கையில் இருக்கும்.

இது திறந்த மடல் என்பதால் உங்களுக்கு முன்னால் தேர்வர்கள்தான் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் ஒரு நிமிடம் அவர்களிடம் திரும்பிப் பேச அனுமதியுங்கள்.

தம்பி, தங்கச்சி, செத்துவிடலாமா என்ற எண்ணம் வந்திருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். உங்கள் மேசையில் இருக்கும் இன்னொருவருக்கும் வந்திருக்கலாம். அந்த எண்ணம் அலை போல ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது அது நிரந்தரம் என்று தோன்றும், ஆனால் இறங்கும். அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். யார் பக்கத்திலாவது போய் உட்காருங்கள், ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மருத்துவரோடு இணைப்பார். தமிழக அரசின் 104-ஐயும் அழைக்கலாம். சினேகாவின் எண் 044-24640050. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் "தேர்வுக்குப் படிக்கிறேன், தூக்கம் வரவில்லை" என்று தொடங்குங்கள், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது சிரித்துக்கொண்டே அப்படி ஒன்றைச் சொன்னால், பிறகு தனியாகக் கூப்பிட்டு நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுவார்கள். ஆமாம் என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், அப்துல் கலாம் வாசகமும் அனுப்பாதீர்கள். கூட இருங்கள், மேலே சொன்ன எண்களில் ஒன்றை நீங்களே அழைத்துப் போனைக் கொடுங்கள், அவர் நம்பும் ஒரு பெரியவருக்குச் சொல்லுங்கள். ரகசியம் காக்கிறேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள்.

மறுபடி உங்களிடம். பாடத்திட்டத்தைக் குறைக்கவோ, கட்-ஆஃபை இறக்கவோ, எல்லோருக்கும் வேலை தரவோ நான் கேட்கவில்லை. காலியிடம் எவ்வளவு என்பது அரசின் கையில் இருக்கிறது, அதற்கு வேறு இடத்தில் சண்டை போடுவோம். முடிவு தேதி, முடிவுப் பக்கத்தின் கீழே நாலு வரி, சிகிச்சை தடையில்லை என்ற ஒரு வரி, ஐந்து இலக்க எண், இவை உங்கள் செயலாளரின் கையெழுத்தில் நடக்கக்கூடியவை. ஆணையக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் எது முடியாது, ஏன் என்று இணையதளத்தில் ஒரு செய்திக்குறிப்பு போடுங்கள். சனிக்கிழமை வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன், அவர்களே விவாதித்துக்கொள்வார்கள். அரசாணையைக் காற்புள்ளி விடாமல் படிக்கப் பழகியவர்கள்தான்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வு வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.